காத்து அண்டாத அறை

கைப்பிடி குறுக்க நின்னா தொறந்துருக்கா, நெடுக்க நின்னா தொறந்துருக்கா? அத்தான் சொன்னாவ. இந்தக் கோத்தகிரி வீட்டுக்குக் குடிவந்த அன்னைக்கே என்னை இரும்படுப்பு முன்னால உக்கார வச்சு, இங்க பாரு பேச்சி, குழாயில ஒரு கைப்பிடி இருக்குலா, அதத் திருப்பினா உள்ள ஒரு தட்டு திரும்பும், இப்படி வச்சா புகை மேல போயிரும், அப்படி வச்சா அடைச்சிக்கிடும்னு கையால காட்டித் தந்தாவ. கை ஞாபகத்துல இருக்கு. நகக்கண்ணுல கரி இருந்தது கூட இருக்கு. இப்படின்னா எப்படி, அப்படின்னா எப்படின்னுதான் வர மாட்டேங்கு. சவத்த, எதுக்கு இப்ப அது? படுத்தவாக்குல பாக்கேன். குழாய் நேரா மேல போயி கூரை வழியா வெளிய போகுது. கைப்பிடி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு குறுக்க நிக்கு. மைனி போறதுக்கு முன்னால திருப்பி வச்சுட்டுப் போனாவ. "புகை அடங்கிட்டுட்டி, இனி கங்குதான, சூடெல்லாம் குழாய் வழியா வீணாப் போகுது பாரு" ன்னாவ. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. வெறகு பிடிக்கும்போது வர்ற புகைதான கண்ணக் கரிக்கும், இருமல் வரும். அது போயிட்டுன்னா பொறவு என்ன பயம்? ஆலங்குளத்துல எங்க வீட்டுலயும் இதேதான் செய்வாவ. புகை நிக்கட்டும்னு காத்திருந்து, கங்க அள்ளிச் சட்டியில போட்டு, பிள்ளபெத்தவ கட்டிலுக்கு அடியில வச்சு சாம்பிராணி தூவுவாவ. ஒருத்திக்கும் ஒண்ணும் ஆனதில்ல. என்ன, அது ஓட்டு வீடு. மல்லாக்கப் படுத்தா ஓட்டுச் சந்துல வானம் தெரியும். இங்க வானம் எங்கன தெரியுது? சன்னல் கண்ணாடியில தெரியும் கொஞ்சம் பனி, அதையும் பேப்பர ஒட்டி மறைச்சாச்சு. குறுக்கயா, நெடுக்கயா. என்னத்த இது, கீறல் விழுந்த ரெக்கார்டு கெணக்கா அதுலயே சுத்துது தல.

மைனியக் குத்தம் சொல்லப்படாது. உலகு மைனி, அத்தானுக்கு மூத்தவுக, பஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டே மலையேறி வந்தாவ எனக்காவ. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான் ஆகணும். வளைகாப்பு போட்டு, ஆலங்குளம் கூட்டிட்டுப் போக நாள் குறிச்சு, பைகூட கட்டி வச்சாச்சு. வயித்துல இருந்த இவ பொறுக்கலயே. மாசம் முடியுமுன்ன வந்துட்டா, ஒரு பூனைக்குட்டி அளவுக்கு. அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஒடைஞ்சு கெடக்கதால அம்மா வர முடியல. மைனி வந்தாவ. ஆஸ்பத்திரியில நர்ஸ் ஒரே ஒரு பேச்சுதான் சொன்னா, எடை கம்மியா இருக்கு, பிள்ளைய கதகதப்பா வச்சுக்கோங்கன்னு. அம்புட்டுதான். மைனி அதப் பிடிச்சிக்கிட்டாவ. வீட்டுக்கு வந்ததும் சேலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்தினாவ பாரு, சன்னல் சந்துல பழந்துணி, அதுக்கு மேல பேப்பரு, அதுக்கு மேல பிளாஸ்டிக்கு. கதவுக்கு அடியில என் பழைய சேலையச் சுருட்டி வச்சாவ. அடுப்புக்குப் பின்னால செவத்துல கை நுழையுற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, அத்தான் கொத்தனாரக் கூட்டியாந்து போட்ட ஓட்டை. அதுல பாவாடையத் திணிச்சு மண்ணக் கொழைச்சுப் பூசிட்டாவ. அத்தான் வேலையா வெளியூர் போயிருக்கதால கேக்க ஆளில்ல. "மைனி, அது அத்தான் வேணும்னு போட்டது" ன்னேன். "அவன் ஆம்பளப் பய, அவனுக்கு என்ன தெரியும் பச்ச ஒடம்பப் பத்தி? ஒரு பொட்டுக் காத்து அண்டப்படாது" ன்னுட்டாவ. காத்துன்னு அவுக சொல்லும்போது கொரலு இறங்கிரும். எந்தக் காத்தச் சொல்லுதாவன்னு கேக்க வேண்டாம். வேப்பங்கொலை வாசல்ல, அருவா தலமாட்டுல, வெளக்கமாறு கால்மாட்டுல. மைனி பெத்தது ஒண்ணே ஒண்ணு. பொறந்த வாரத்துலயே போயிட்டு. குளிர் காத்து பட்டு ஜன்னின்னு டாக்டரு சொன்னாரு, கருப்புக் காத்துன்னு மாமியா சொன்னா. மைனிக்கு ரெண்டும் ஒண்ணுதான். அப்படிப்பட்டவுக கிட்டப் போயி ஓட்டைய அடைக்காதியன்னு வாயாடவா முடியும்? ஊருக்கே வாயாடுவேன், பேருக்கேத்த மாதிரி. அவுக கிட்ட முடியல.

தல வலிக்கு. நெத்திப் பொட்டு ரெண்டுலயும் யாரோ கட்டை விரல வச்சு அமுக்குத மாதிரி. விட்டு விட்டு அமுக்குதாவ. யாரு? யாருமில்லட்டி, நீதான். நானும் இவளும்தான் இருக்கோம். இல்ல, அந்தக் கால்மாட்டுல. பாக்கப்படாதுன்னு நெனைக்கேன், பாத்துட்டேன். ஒண்ணுமில்ல, கொடியில கெடக்க துண்டு. அது துண்டுன்னா அதுக்கு முடி எதுக்கு? ஈர முடி. செவத்தப் பாத்து உக்காந்துருக்கு, முதுகு மட்டுந்தான் தெரியுது. எனக்கு முகத்தக் காட்டாம இருக்குறது அதோட மரியாதையோ என்னவோ. ஏ யப்பா, என்ன நெனப்பு இது. துண்டுதான். நேத்தும் இதே நேரம் இப்படித்தான் இருந்தது. மைனி கிட்டச் சொன்னேன். அவுகளுக்கும் இந்த ரூம்ல உக்காந்தா கெறக்கம் வருதாம், வயிறப் பெரட்டுதாம், யாரோ பேரு சொல்லிக் கூப்பிட்டாப்ல இருந்ததாம், திரும்பிப் பாக்கலயாம். "மூணு தடவ கூப்பிட்டாதான்டி மனுசன், நீ வாயத் தொறந்துராத" ன்னாவ. அதான் இப்பப் போயிருக்காவ, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாரியம்மன் கோயில் பூசாரி கிட்ட மந்திரிச்ச திருநீறு வாங்க. இந்த ரூம் கதவுல உள்தாழ்ப்பாள் கழண்டு கெடக்கதால முன் ரூம் பக்கத்து வெளித்தாழ்ப்பாளப் போட்டுட்டுப் போனாவ, காத்து தள்ளித் தொறந்துரப்படாதுல்லா. "செத்த நேரத்துல வந்துருதேன், நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டு கெட, பயம் தெரியாது" ன்னாவ. பாடிக்கிட்டுதான் கெடக்கேன். ஆராரோ, என் கண்ணே. எம்புட்டு நேரமாப் பாடுதேன்? தொண்டை காஞ்சு போச்சு. தண்ணி குடிக்கணும். நாக்க ஒதட்டுல தடவுதேன். வாய் மூடித்தான் இருக்கு. மூடின வாய விரலால தொட்டுப் பாக்கேன். மூடித்தான் இருக்கு. பாட்டு கேக்கு. ஆராரோ. என் ராகந்தான், நான் இழுக்குற அதே இழுப்பு, ஆனா என் வாயிலருந்து வரல. செவத்துப் பக்கமிருந்து வருது.

இவளப் பாரு. இம்புட்டுக்கும் அசையல. காலையிலருந்து ஒரு அழுக இல்ல. பசிக்கு அழல, ஈரத்துக்கு அழல. பால் குடுத்தா ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாய விட்டுருதா. "என்ன சமத்துட்டி, உன்ன மாதிரி இல்லாம எங்க வம்சம்" னு மைனி சிரிச்சாவ. "கன்னத்தப் பாரு, ரோசாப்பூ. கதகதப்பா வச்சதும் ரெத்தம் எப்படி ஏறிட்டு பாத்தியா. மொத நாளு சுண்ணாம்பு கெணக்கா இருந்தது." நெசந்தான். ஒதடுகூட செவப்பு. அழகா இருக்கா. திருஷ்டிப் பொட்டு பெருசா வைக்கணும். கன்னம் செவக்க. இத யாரோ சொன்னாவளே. கன்னம் செவக்கத் தூங்கறாப்ல. யாரு? அடுத்த வீட்டு டெய்சி அக்கா. துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னா, "உங்க வீட்ல போன குளிருக்கு ஒரு புருசன் பொண்டாட்டி இருந்தாங்க, தெரியுமா? நல்ல மழை. மதியம் வரைக்கும் கதவு தொறக்கலைன்னு ஒடச்சுப் பாத்தா, ரெண்டு பேரும் கன்னம் செவக்கத் தூங்கறாப்லயே கெடந்தாங்க. ஒரு காயம் இல்ல, ஒரு ரத்தம் இல்ல. என்னமோ வந்து அடிச்சிருச்சுன்னு பேசிக்கிறாங்க." அன்னைக்கே அத்தான் கிட்டச் சண்டை போட்டேன், பேய் வீட்டப் பிடிச்சிருக்கியளேன்னு. அவுக பேயப் பத்தி ஒண்ணும் பேசல. கொத்தனாரக் கூட்டியாந்து செவத்துல ஓட்டை போட்டாவ. நான் பேயப் பத்திக் கேட்டா இவுக ஓட்டை போடுதாவளேன்னு எனக்கு அம்புட்டு எரிச்சல். கன்னம் செவக்க. ஒரு காயம் இல்ல. இவ கன்னத்துல விரல வைக்கேன். சூடாத்தான் இருக்கு. கைய எடுத்து என் கன்னத்துல வைக்கேன். கண்ணாடி அங்கன தொங்குது, எந்திரிச்சுப் பாத்தாத் தெரியும். பாக்க மாட்டேன். எனக்குத் தெரியும் எப்படி இருக்கும்னு.

நில்லு. பேச்சி, நில்லு. ஒறங்கிராத. காலையில கொல்லைக்குப் போனேன்லா. மைனி தலையில முக்காடு போட்டு, காதுல பஞ்சு வச்சு, கையில வேப்பங்கொலையக் குடுத்துக் கூட்டிட்டுப் போனாவ. வெளிய நிக்க நிக்க தலவலி விட்டுட்டே. சீகை மரத்துப் பக்கம் பனி வந்து மூக்குல ஏறிட்டு, நல்லாருந்தது, பசிகூட எடுத்தது. திரும்பி உள்ள வந்து செத்த நேரத்துல மறுபடி அமுக்க ஆரம்பிச்சிட்டு. அத மைனி கிட்டச் சொன்னப்ப, "பாத்தியா, அது இந்த ரூம்லதான்டி இருக்கு, வாசல் தாண்ட மாட்டேங்கு" ன்னாவ. சரி. ரூம்லதான் இருக்கு. ஆனா மைனி, வேப்பங்கொலை வச்ச பொறவு வந்ததா, முன்ன வந்ததா? நீங்க வர்றதுக்கு முன்ன இந்த ரூம்லதான நானும் அத்தானும் படுத்தோம், ஒண்ணும் இல்லையே. அடைச்ச பொறவுலா வந்துட்டு. அடைக்க அடைக்கலா ஏறுது. எந்தப் பேயாவது சன்னல அடைச்சா உள்ள வருமா? அத்தான் என்ன சொன்னாவ. யோசி. மாசத்துக்கு ஒருக்கா குழாயக் கழத்தி, சங்கிலியில சாக்கக் கட்டி உள்ள விட்டு இழுப்பாவ, கரி தார் கெணக்கா ஒட்டிக்கிட்டு வரும். அடைஞ்சா ஆபத்துட்டிம்பாவ. பச்ச வெறகு போடாதம்பாவ. சாம்பல தகரவாளியில அள்ளி வெளிய வையிம்பாவ. நான் ஆமா ஆமான்னு சொல்லிக்கிட்டே போன் பாப்பேன். ஒரு நாளு கோவம் வந்து போனப் பிடுங்கிட்டாவ. "புகை தெரிஞ்சா ஓடிருவட்டி. தெரியாத ஒண்ணு இருக்கு. கங்குலருந்து வரும். மணம் கெடையாது, கண்ணு கரிக்காது. நெருப்பு இருக்க காத்தத் தின்னுட்டு அத விடும். ஒறக்கம் வருதுன்னுதான் நெனப்ப." நெனப்ப. ஒறக்கம் வருதுன்னுதான் நானும் நெனைக்கேன். ஐயோ. குழாய் போற வாக்குல கைப்பிடி நின்னாத் தொறப்பு. கேஸ் அடுப்புக் குழாய்த் திருகும் அப்படித்தான, குறுக்க நின்னா மூடிருக்குன்னு அர்த்தம். மூடிருக்கு. மைனி மூடிட்டுப் போயிட்டாவ. காத்து இருக்கு காத்து இருக்குன்னு மூணு நாளா பொலம்புதாவளே, இந்த ரூம்ல காத்தே இல்ல மைனி. எம்பிள்ளைக்குக் காத்தே இல்ல.

எந்திரி. எந்திரின்னா கால் கேக்க மாட்டேங்கு. கால் எனக்குச் சொந்தமில்லாதது மாதிரி கெடக்கு, வேற யாரோ கட்டில்ல மறந்து வச்சுட்டுப் போன கால். ஒருக்களிச்சு, கையூனி, இவள மாரோட சேத்துக்கிட்டு, விழுந்தாச்சு. முட்டியில அடி. வலிக்கல. வலிக்காததுதான் பயமா இருக்கு. இவள விடல, அது போதும். அடுப்பு அங்கன இருக்கு, கைப்பிடி நான் எந்திரிச்சு நின்னாத்தான் எட்டும். நிக்க முடியாது. பாத்துக்கிட்டே இருக்கு அடுப்பு, ஒத்தக்கண்ணு கெணக்கா செவப்பா, சத்தமில்லாம. கதவுக்குப் போ. சேலைய இழு. நாலு முழம்தான் தூரம், ஆலங்குளத்துக்கே நடந்துரலாம் போலருக்கு. பாட்டு இன்னும் கேக்கு, இப்ப கிட்டத்துல, காதோரத்துல. ஒறங்கு, ஒறங்குன்னு அதே என் கொரல்ல. செத்த நேரம் கண்ண மூடினா என்ன? ஒரே ஒரு நிமிசம். இவளும் ஒறங்குதாளே, ரெண்டு பேரும் ஒறங்கினா என்ன. எம்புட்டு எதமா இருக்கு தரை. போடி எளவே, போ அங்கிட்டு. யாரத் திட்டுதேன்? யாரா இருந்தா என்ன. திட்டினாத்தான் எனக்கு முழிப்பு வருது. நாசமாப் போவ, கட்டையில போவ, எம்பிள்ள ஒறங்க மாட்டா, அவளுக்கு நெறைய சோலி கெடக்கு, அவ பள்ளிக்கூடம் போணும், என்ன எதுத்துப் பேசணும். சேலை கையில வந்துட்டு. இழுக்கேன். வருது, பாம்பு கெணக்கா நீளமா வருது. கதவுக்கு அடியில ஒரு வெள்ளைக் கோடு. காத்து. சில்லுன்னு, ஊசி மாதிரி. இவ மூஞ்ச அதுல வைக்கேன். ஒரு மூஞ்சிதான் வைக்க முடியும் அந்தச் சந்துல. அவ வைக்கட்டும். மூக்கு அந்தக் கோட்டுல இருக்கான்னு விரலால தடவிப் பாக்கேன். மூச்சு வருதா? வருதா, என் விரல்தான் நடுங்குதா? தெரியல. குஞ்சே, இழு. பால இழுக்காட்டா போ, இத இழு.

செருப்புச் சத்தம். தாழ்ப்பாள். கதவு வெளிப்பக்கமாத் தொறக்குது, அதுல சாஞ்சு கெடந்த என் தலையும் தோளும் முன் ரூமுக்குள்ள சரியுது, அதோட மொத்த மலையும் உள்ள வந்து விழுகுது, அம்புட்டு குளிரு. மைனி. நெத்தி நெறைய திருநீறு, கையில பொட்டலம். "அடிப் பாவி! பச்சப்பிள்ளய வெறுந்தரையில போட்டுருக்கியே! காத்து நேரா மூஞ்சில அடிக்கேட்டி!" இவள வாரி எடுத்துட்டாவ. என்னைத் தாண்டி உள்ள போறாவ. உள்ள. அடுப்புப் பக்கம். மைனி, வேண்டாம். ஒரு கையால கதவ இழுக்காவ, என் தோளுல இடிக்கு கதவு, "தள்ளிப் படுட்டி, மூடணும், குளிர் ஏறுது." சொல்லணும். தட்டு, குழாய், செவத்து ஓட்டை, கங்கு, அத்தான் சொன்னது. எத்தன வார்த்தை. பேச்சி வாயத் தொறந்தா மூடாதுன்னு ஊரே சொல்லும், இப்ப நாக்கு கல்லா கெடக்கு. ரெண்டு பேச்சுக்குத்தான் மூச்சு இருக்கு. அடுப்புன்னு சொன்னா அவுகளுக்கு வெளங்காது. சன்னலத் தொறங்கன்னா பைத்தியம்பாவ. மைனி எதுக்குப் பயப்படுவாவ? எதச் சொன்னா ஓடுவாவ? அவுக சேலை முந்தி கையில சிக்கிட்டு, பிடிச்சு இழுக்கேன். குனியுதாவ. "மைனி, பின்னால நிக்கா." "என்னட்டி?" "கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கா மைனி, பிள்ளயக் கேக்கா. குடுத்துராதிய."

மைனி திரும்பிப் பாக்கல. அவுக மூஞ்சி மட்டும் என்னமோ ஆயிட்டு. மாமியா வீட்டுல செத்த பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு இருந்தப்பவும் இந்த மூஞ்சிதான் இருந்துருக்கும். எனக்கு அழுகையா வந்துட்டு, மன்னிச்சிருங்க மைனின்னு சொல்ல மூச்சு இல்ல. திருநீத்துப் பொட்டலம் விழுந்து சிதறுது. என் மேல கால வச்சு மிதிச்சுத் தாண்டி ஓடுதாவ, இவள நெஞ்சோட இறுக்கிக்கிட்டு, முன் ரூமத் தாண்டி, வாசலத் தாண்டி, செருப்பு ஒண்ணு அங்கன ஒண்ணு இங்கன. போங்க மைனி. தூரமாப் போங்க. பனிக்குள்ள போங்க. ஒண்ணும் கேக்கல. செத்த நேரம் ஒண்ணுமே கேக்கல. பொறவு கேக்கு. பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் கீச்சு. நின்னுட்டு. மறுபடி. இப்ப வீல்னு. வெளிய தேயிலைத் தோட்டத்துக்குள்ள, குளிர்ல, முழு மூச்சு இழுத்து எம்பிள்ள அழுகுதா. அதுக்கு மேல மைனி சத்தம், "டெய்சி! ஏ டெய்சி! யாரும் உள்ள போயிராதிய! பிள்ளபெத்தவளப் பிடிச்சிட்டு! ஒருத்தரும் வாசல மிதிச்சிராதிய!" டெய்சி அக்கா வீட்டுக் கதவு படார்னு சாத்துது. வேற யாரோ கூடச் சேந்து கத்துதாவ, போகாதீங்க, போகாதீங்கன்னு. நல்ல பொய்யாத்தான் சொல்லிருக்கேன். தலையும் தோளும் முன் ரூம்ல கெடக்கு, இடுப்புக்குக் கீழ இன்னும் உள்ளதான். யாரும் வர மாட்டாவ. சரி. நீ அழு பிள்ள, சத்தமா அழு, நிறுத்திராத. அந்தச் சத்தத்தப் பிடிச்சிக்கிட்டு நானே வாரேன்.